கோட்டை இருந்த இடத்தில் ஒரு பூங்கா

பாண்டிக்குப் போகாத மாதம் நம் குடியிருப்பில் யாருக்கும் இருக்காது. ஜிப்மர், பிள்ளைகளின் கல்லூரி, நேரு வீதியில் துணிமணி, எதுவும் இல்லாவிட்டால் ஞாயிறு மாலை பீச். கூனிமேடு, கீழ்புத்துப்பட்டு, காலாப்பட்டு, கோட்டக்குப்பம் என்று தாண்டினால் முத்தியால்பேட்டை வந்துவிடும். வேலை முடிந்ததும் அதே சாலையில் திரும்பிவிடுகிறோம்.

அடுத்த முறை போகும்போது ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு இடங்களில் நீங்கள் சும்மா நின்று பார்க்க வேண்டும். ஒன்று பாரதி பூங்கா, மற்றொன்று கடற்கரையில் உள்ள காந்தி திடல். இரண்டையும் நூறு முறை பார்த்திருப்பீர்கள். ஆனால் அவை எப்படி வெற்றிடமாக மிஞ்சின என்று யோசித்திருக்க மாட்டீர்கள். நானும் சமீபம் வரை யோசித்ததில்லை. வரும் பொதுக்குழுவில் நம் நடுத்திடலை நிரந்தரக் கார் நிறுத்துமிடமாக மாற்றும் தீர்மானம் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் இந்த யோசனை வந்தது. தீர்மானத்தைக் கடைசியில் பேசுவோம். முதலில் வரலாறு.

மந்தை, திடல், சதுக்கம்

நம் ஊர்ப் பெயரின் கடைசி மூன்று எழுத்து ‘மந்தை’. தமிழில் அந்தச் சொல்லுக்கு மாடுகள் கூடும் வெளி, ஊர்ப் பொதுவிடம் என்று பொருள். பஞ்சாயத்து கூடுவதும், கூத்து நடப்பதும், பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான். மந்தை யாருடைய பட்டாவிலும் இருக்காது. அதனாலேயே அது எல்லாருக்கும் சொந்தம். அதனாலேயே அதை முதலில் ஆக்கிரமிப்பதும் வழக்கம்.

உலகத்தில் இந்தப் பொதுவெளியை மிகக் கவனமாகப் பேணியவர்கள் இத்தாலியின் பழைய நகரத்துக்காரர்கள். சியெனா என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் சிப்பியின் வடிவில் சரிந்து இறங்கும் ‘காம்போ’ என்ற சதுக்கம் இருக்கிறது. நகராட்சி மாளிகை அதைப் பார்த்து நிற்கிறது. செங்கல் பாவிய தரை ஒன்பது பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 1287 முதல் 1355 வரை ஊரை ஆண்ட ஒன்பதின்மர் குழுவை அந்த எண்ணிக்கை குறிக்கிறது. சதுக்கத்தைப் பார்த்திருக்கும் வீடுகளின் ஜன்னல்கள் எந்த வகையில் அமைய வேண்டும் என்று 1297ஆம் ஆண்டிலேயே அங்கே விதி போட்டார்கள். நம் சங்கத்தில் பால்கனிக்குக் கிரில் வைக்கும் விதியைப் பற்றி எத்தனை வாக்குவாதம் நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அவர்கள் அதை எழுநூறு வருடங்களுக்கு முன்பே செய்துவிட்டார்கள்!

சியெனா மேட்டு நிலத்து ஊர். அதற்கு ஆறு கிடையாது. மண்ணுக்கடியில் சுரங்கக் கால்வாய்கள் வெட்டித் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கால்வாய்களின் மொத்த நீளம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். 1342இல் தண்ணீர் முதன்முதலாகச் சதுக்கத்தை எட்டியது. அங்கே கட்டிய நீரூற்றுக்கு ‘மகிழ்ச்சி ஊற்று’ என்று பெயர். ஊரின் நடுவில், மிக முக்கியமான இடத்தில், தண்ணீர் வந்ததற்கான நினைவுச்சின்னம். இதை மனதில் வைத்துக்கொண்டு பாண்டிக்கு வாருங்கள்.

ஐங்கோணக் கோட்டை

பிரெஞ்சுக்காரர்கள் 1670களில் புதுச்சேரியில் கால் பதித்தார்கள். 1693இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். சில ஆண்டுகளில் ஒப்பந்தப்படி அது பிரெஞ்சுக்காரர்களிடமே திரும்பி வந்தது. குறுக்கும் நெடுக்குமாக நேர்கோட்டில் ஓடும் பாண்டி வீதிகளை அந்த டச்சுக்காலத்து வரைபடத்திலேயே பார்க்கலாம்.

ஊர் கைக்கு வந்ததும், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கடலை ஒட்டி ஐந்து மூலைகள் கொண்ட பெரிய கோட்டை ஒன்றைக் கட்டினார்கள். லூயி கோட்டை என்று பெயர். இன்றைய பாரதி பூங்காவும் அதன் சுற்றுப்புறமும்தான் அந்தக் கோட்டை இருந்த இடம். 1742 முதல் 1754 வரை ஆளுநராக இருந்த டூப்ளே காலத்தில் கோட்டைக்குள் ஆடம்பரமான மாளிகை எழும்பியது. அவருக்குத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி எழுதிய நாட்குறிப்பில் அந்தக் காலத்துப் பாண்டி முழுவதும் இருக்கிறது: வணிகம், விருந்து, சண்டை, வதந்தி எல்லாம். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த நேரத்தில் ஊருக்குள் இருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். எந்த நினைவுச்சின்னமும் இல்லாத இழப்பு அது. ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது.

பிறகு வந்த போரை நம் கரையிலிருந்தே சொல்லத் தொடங்கலாம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூருக்குப் பக்கத்தில் இருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட், லாலியின் படையை முறியடித்தார். அதே ஆண்டில் மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கத்தில் இருக்கும் ஆலம்பரைக் கோட்டை ஆங்கிலேயர் வசமானது. 1750 முதல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த துறைமுகக் கோட்டை அது. அடுத்து பாண்டி முற்றுகை. 1761 புத்தாண்டு நாளில் அடித்த புயலில் பாண்டிக்கு எதிரே நின்ற ஆங்கிலக் கப்பல்கள் சில மூழ்கின. ஊர் தப்பிவிடும் என்றுகூட உள்ளே இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் பசி வென்றது. ஜனவரி 16 அன்று லாலி சரணடைந்தார். அதற்குச் சில நாட்கள் முன்பு ஆனந்தரங்கப் பிள்ளை இறந்துபோனார்.

செயின்ட் டேவிட் கோட்டைக்குப் பழிக்குப் பழியாக ஆங்கிலேயர் லூயி கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். மாளிகை, மதில், கட்டடங்கள் எல்லாம் கல்மேடாகின. ஒப்பந்தப்படி 1765இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்தபோது பார்த்தது அந்தக் கல்மேட்டைத்தான்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆலம்பரையும் இடிபட்ட கோட்டை, லூயி கோட்டையும் இடிபட்ட கோட்டை. ஆலம்பரை இன்றும் இடிபாடாகவே உப்பங்கழிக்குப் பக்கத்தில் நிற்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் காற்றில் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. லூயி கோட்டையின் இடம் பூங்காவாகி, காலையில் நடைப்பயிற்சிக்காரர்களும் மதியத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வருபவர்களும் உட்காரும் இடமாகிவிட்டது. இடித்த கை ஒன்றுதான். இடித்த பிறகு அந்த இடத்தை என்ன செய்வது என்று உட்கார்ந்து முடிவெடுக்க ஆள் இருந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

பாண்டியை மீண்டும் கட்டியவர்கள் பழைய இடத்தில் பழைய கோட்டையை எழுப்பவில்லை. அந்த வெளியின் வடக்கே 1760களின் பிற்பகுதியில் ஆளுநருக்குப் புதிய மாளிகை எழுந்தது. பின்னாளில் ராஜ் நிவாஸ் என்று அழைக்கப்பட்டது அதுதான். பிறகும் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்து, 1816இல்தான் நிலையாகப் பிரெஞ்சு வசம் வந்தது. ஊரின் மிக விலையுயர்ந்த மனை என்று சொல்லத்தக்க அந்த நடுவிடம் மட்டும் வெளியாகவே நின்றது.

ஆயி கொடுத்த தண்ணீர்

பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். பெரும்பாலும் “பிரெஞ்சுக்காரன் கட்டியது” என்பார்கள். அது சரி. யாருக்காகக் கட்டினான் என்று கேட்டால் விழிப்பார்கள்.

ஊரில் வழங்கும் கதை இது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் முத்திரைப்பாளையம் பக்கம் வந்த அரசர், மாலையில் விளக்கொளியோடு நின்ற ஒரு வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் அவமானப்பட்டு, இடிக்கச் சொன்னார். ஆயி ஒன்றே ஒன்று கேட்டாள்: வீட்டை நானே இடித்துக்கொள்கிறேன், அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்ட அனுமதி கொடுங்கள். அப்படி வெட்டியதுதான் ஆயி குளம்.

அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துப் பாண்டியின் கடலோரப் பகுதியில் நல்ல தண்ணீர்ப் பஞ்சம். உப்பளக் கரையில் வாழும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. போர்வெல் போட்டால் என்ன வரும் என்று நமக்குத் தெரியும். அப்போது பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் ஆட்சி. லாமெரேஸ் என்ற பொறியாளரின் பொறுப்பில் முத்திரைப்பாளையத்திலிருந்து ஊருக்குள் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. தமிழ்ப் பாடல்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1867இல் நூலாக வெளியிட்டவரும் இதே லாமெரேஸ்தான். தண்ணீர் வந்ததன் நினைவாகக் கிரேக்க, ரோமானியப் பாணியில் தூணும் வளைவுமாக அந்த மண்டபத்தைக் கட்டினார்கள். ஆயியின் கதையைக் கேட்ட நெப்போலியன்தான் அவள் பெயரில் மண்டபம் எழுப்பச் சொன்னார் என்பார்கள் பாண்டிக்காரர்கள்.

சியெனாவின் மகிழ்ச்சி ஊற்றை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊர்களும் தங்கள் நடுவிடத்தில் வைத்த சின்னம் தண்ணீருக்கானது. பாண்டியில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். கோட்டை இருந்த இடத்தில், ஆளுநர் மாளிகைக்கு எதிரே, எந்த ஆளுநர் பெயரும் இல்லாமல், தன் வீட்டை விட்டுக்கொடுத்த ஒரு பெண்ணின் பெயர் நிற்கிறது. இன்று புதுச்சேரி அரசின் சின்னமும் அந்த ஆயி மண்டபம்தான். 1908 முதல் 1918 வரை அந்த ஊரில் அடைக்கலமாக வாழ்ந்த பாரதியின் பெயர் பூங்காவுக்கு. தாசியும் கவிஞனும் பெயர் கொடுத்த இடத்தைச் சுற்றி ராஜ் நிவாஸும் சட்டப்பேரவையும் உட்கார்ந்திருக்கின்றன.

இடம் மாறிய சிலை

அங்கிருந்து கிழக்கே சில நிமிடம் நடந்தால் கடற்கரை, காந்தி திடல். காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கற்தூண்கள் நிற்கின்றன. அருகில் போய்ப் பாருங்கள். அந்தச் சிற்ப வேலை பாண்டியுடையது இல்லை, செஞ்சியுடையது. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த பிறகு அங்கிருந்து வந்தவை. நம் விழுப்புரம் மாவட்டத்துக் கல் என்று உரிமையோடு தொட்டுப் பார்க்கலாம்.

காந்திக்கு முன்பு அந்தத் தூண்கள் வேறொருவருக்குத் துணையாக நின்றன. 1870இல் பிரெஞ்சு அரசு டூப்ளேவுக்குச் சிலை வைத்தது. பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டு, பாரிஸில் கடனோடு இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு கிடைத்த மரியாதை. பழைய கடற்கரைப் படங்களில் செஞ்சித் தூண்களுக்கு நடுவே டூப்ளே நிற்பதைப் பார்க்கலாம்.

1954 நவம்பர் 1 அன்று பாண்டி இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான மாற்றம் நிறைவுற்றது. காலப்போக்கில் டூப்ளே இருந்த இடத்துக்குக் காந்தி வந்தார். டூப்ளேவை உடைத்துக் கடலில் போடவில்லை. கூபேர் அவென்யூவின் தென்கோடியில், சிறுவர் பூங்காப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இன்றும் அங்கே நிற்கிறார். பிள்ளைகள் அவர் காலடியில் ஐஸ்கிரீம் தின்கிறார்கள். ஒரு திடலில் யார் நடுவில் நிற்க வேண்டும் என்பது ஒவ்வொரு தலைமுறையும் திரும்பப் பேச வேண்டிய விஷயம். திடல் இருந்தால்தான் அதைப் பேசவே முடியும்.

அதே சாலையில் 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1979 வரை அது எரிந்தது. முதல் உலகப்போரில் பிரான்சுக்காகச் சண்டையிட்டு இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவுச்சின்னம் 1938இல் திறக்கப்பட்டது. ஒவ்வொரு ஜூலை 14க்கும் அங்கே விளக்கு ஏற்றுகிறார்கள். 1870களின் தொடக்கத்தில் கட்டிய மேரி என்ற நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் இறுதியில் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டி 2021இல் திறந்தார்கள். கட்டடம் விழுந்தால் பணம் இருந்தால் கட்டிவிடலாம் என்பதற்கு அது சாட்சி. வெளி போனால் அப்படித் திரும்பி வராது. அதன் மேல் ஒருமுறை கட்டிவிட்டால் யாருடைய சொத்தையாவது இடித்துத்தான் மீட்க வேண்டும். ஆயி ஊருக்கு ஒருத்திதான் இருப்பாள்.

மாலை ஆறு மணிக்கு

பாண்டி பீச் ரோட்டில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டால் கடல், காற்று, சுண்டல் என்பீர்கள். நான் சொல்வது ஓர் இரும்புத் தடுப்பு. மாலை ஆறு மணிக்கு அதை இழுத்துச் சாலையை மூடுகிறார்கள். மறுநாள் காலை ஏழரை மணி வரை கார், பைக் எதுவும் கிடையாது. பகலில் சாலையாக இருப்பது இரவில் திடலாகிவிடுகிறது. கைப்பிள்ளையைத் தரையில் இறக்கிவிட்டு அம்மா நிம்மதியாக நிற்கிறாள். முழங்கால் வலிக்காரர் நடுச்சாலையில் நடக்கிறார். சியெனாவும் 1960களில் காம்போவைச் சுற்றிய பழைய நகரத்துக்குள் கார் வருவதைத் தடுத்தது. வருடத்தில் இரண்டு நாள், ஜூலை 2, ஆகஸ்ட் 16, அந்தச் சதுக்கத்தைச் சுற்றி மண் கொட்டிக் குதிரைப் பந்தயம் நடத்துகிறார்கள். ஊரே நடுவில் நின்று பார்க்கிறது. கார்கள் நிற்கும் இடத்தில் அது நடக்காது.

நம் நடுத்திடல்

இப்போது தீர்மானத்துக்கு வருவோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்துகிறவன்தான். உப்புக் காற்றில் பெயின்ட் உரிவதைப் பார்த்து வயிறெரிகிறவன்தான். நிறுத்த இடம் கேட்பவர்களின் கோரிக்கை நியாயமானது. அதை யாரும் ஏளனம் செய்ய வேண்டாம்.

ஆனாலும் வாக்களிக்கும் முன் கடந்த ஒரு வருடத்தில் அந்தத் திடலில் என்னென்ன நடந்தது என்று நீங்கள் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பொங்கல் பானை, பிள்ளைகளின் கிரிக்கெட், இரண்டு நிச்சயதார்த்தம். மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் காலமானபோது நாற்காலிகளைப் போட்டு நாம் எல்லாரும் உட்கார்ந்திருந்த இரவு. அன்று அந்த இடம் கார்களால் நிறைந்திருந்தால் எங்கே உட்கார்ந்திருப்போம்? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது பாண்டியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. நம் வளாகத்தில் தேங்கிய தண்ணீர் கடைசியில் இறங்கியது அந்த மணல் தரையில்தான். கான்கிரீட் அதைக் குடிக்காது.

என் யோசனை ஒன்றுதான், பாண்டியிடம் கடன் வாங்கியது. மேற்கூரையும் வேண்டாம், கான்கிரீட்டும் வேண்டாம். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறரை வரை மட்டும், திடலின் ஓரம் இரண்டு வரிசை வண்டிகளுக்கு. மற்ற நேரத்தில் ஒரு சங்கிலி போட்டு மூடிவிடலாம். பாண்டியில் பகலுக்குச் சாலை, இரவுக்குத் திடல். நமக்கு அதைத் திருப்பிப் போட்டால் போதும். சரிவரவில்லை என்றால் ஆறு மாதம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். நாளைக்கு மாற்றிக்கொள்ள முடிகிற முடிவாக அது இருக்கும். தூண் எழுப்பிக் கூரை போட்டால் அந்த வசதி போய்விடும்.

பொதுக்குழுவுக்கு முந்தைய ஞாயிறு காலை, விருப்பமுள்ளவர்கள் சேர்ந்து பாரதி பூங்காவுக்குப் போய் வரலாம். ஆறு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் இரண்டு திடலையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். ஆயி மண்டபத்தின் நிழலில் உட்கார்ந்து, அவள் யார் என்று நீங்களே அவர்களுக்குச் சொல்லுங்கள். திரும்பி வந்து எப்படி வாக்களிப்பது என்பது உங்கள் விருப்பம்.